தில்லிப் பக்கம் குடிபோகிறோம், எந்த ஏரியா எங்களைச் சேர்த்துக்கொள்ளும்?

கேள்வி: என் வீட்டுக்காரரை அவர் கம்பெனி நொய்டாவுக்கு மாற்றியிருக்கிறது. ஆபீஸ் செக்டர் 62-இல். ஏப்ரலில் சேரவேண்டும், குறைந்தது நான்கு வருடம் இருக்கவேண்டும் என்கிறார்கள். திருநெல்வேலியைத் தாண்டி நாங்கள் குடித்தனம் செய்ததே இல்லை. மகள் மெட்ரிக் பள்ளியில் ஏழாம் வகுப்பு, மகன் இரண்டாம் வகுப்பு. அத்தை எங்களோடுதான் இருக்கிறார்கள். 68 வயது, முழங்கால் வலி, லேசாக இளைப்பும் உண்டு, தமிழ் மட்டும்தான் தெரியும். ஆபீஸ் பக்கத்திலேயே நீச்சல் குளம், ஜிம் எல்லாம் வைத்த பெரிய சொசைட்டியில் பிளாட் எடுக்கலாம் என்று இவருடைய நண்பர்கள் சொல்கிறார்கள். தில்லியில் சில வருடம் இருந்த என் சித்தப்பா மகன், "மயூர் விஹாருக்குப் போயிருங்க, அங்கதான் நம்ம ஆளுங்க இருக்காங்க, இல்லன்னா தனியாக் கெடப்பீங்க" என்கிறான். நாங்கள் மீன், கறி சாப்பிடுகிறவர்கள். அதற்கே வீடு தரமாட்டார்கள் என்று வேறு சொல்கிறார்கள். மகள் வரவே மாட்டேன் என்று அழுகிறாள். மதராசி என்று ஒதுக்காமல் எங்களைச் சேர்த்துக்கொள்ளும் இடம் எது? எப்படிக் கண்டுபிடிப்பது?

— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஆனால் உங்களுக்கு வீடு சொல்கிறவர்களில் பாதிப்பேர் ஆபீஸ் போகும் ஒருவரை மட்டும் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். ஊர் மாறும்போது அவருக்குத்தான் சிரமம் குறைவு. உட்கார ஒரு நாற்காலி, சேர்ந்து டீ குடிக்க நான்கு பேர், பேசுவதற்கு ஒரு விஷயம், எல்லாம் முதல் நாளே தயாராக இருக்கும். மற்ற நான்கு பேருக்கும் இதில் ஒன்றும் கிடையாது. அதனால் வீடு பார்க்கும்போது ஒரு புதன்கிழமை மதியம் நான்கு மணியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? நீங்கள், அத்தை, பள்ளியிலிருந்து வந்த இரண்டு பிள்ளைகள். வீட்டை அவர்களுக்காகப் பாருங்கள். உங்கள் வீட்டுக்காரர் மெட்ரோவில் அரை மணி நேரம் உட்கார்ந்து போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

குடும்ப ஆலோசகராகத் தில்லியிலேயே வேலை செய்கிறேன். தெற்கிலிருந்து மாற்றலாகி வரும் குடும்பங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். வந்த சில மாதங்களில் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி சொல்வார்கள்: "வீடு நல்ல வீடுதான், ஆனா ஒரு ஆள் கிடையாது." எல்லோரும் விரட்டிவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அபூர்வம். யாருடைய கண்ணிலும் படாமல் இருக்கிறோம் என்பதுதான் குறை. நீங்கள் பயப்படுவது ஒதுக்கப்படுவதைப் பற்றி. நான் உங்களுக்காகக் கவலைப்படுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். தில்லி வட்டாரத்தில் "நான் இந்த ஊர்க்காரன்" என்று சொல்லக்கூடியவர்கள் குறைவு. லாஜ்பத் நகர், படேல் நகர் எல்லாம் பிரிவினையின்போது மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் குடியேறிய பகுதிகள். சித்தரஞ்சன் பார்க் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்காக உண்டானது. நொய்டாவே 1976-இல் தொடங்கிய ஊர்தான். பீகார், கிழக்கு உத்தரப் பிரதேசம், உத்தராகண்ட், வங்காளம், கேரளம் என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள்தான் உங்கள் அண்டை வீட்டுக்காரர்களாக இருக்கப் போகிறார்கள். ஆகவே நீங்கள் வெளியூர்க்காரர் என்பது அங்கே யாருக்கும் அதிசயம் இல்லை. "மதராசி" என்ற சொல்லைக் கேட்கத்தான் செய்வீர்கள். வயதானவர்கள் சிலர் கேலி எதுவும் நினைக்காமலே, விந்திய மலைக்குத் தெற்கே இருக்கிற அத்தனை பேரையும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கேயே பொங்கி எழவேண்டாம். திருநெல்வேலி எங்கே இருக்கிறது, கன்னியாகுமரிக்கு எவ்வளவு பக்கம் என்று சிரித்தபடி சொல்லிவிட்டால் அடுத்த முறை "கன்னியாகுமாரி வாலி பாபி" (கன்னியாகுமரி அண்ணி) ஆகிவிடுவீர்கள். அப்புறம், வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். அதுவும் வம்பில்லை, அந்த ஊர்ப் பேச்சு வழக்கம்.

சரி, உங்களுக்குச் சொல்லப்பட்ட இரண்டு இடங்களுக்கு வருவோம்.

உங்கள் சித்தப்பா மகன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மயூர் விஹார் முதல் கட்டத்திலும் அதையொட்டிய சொசைட்டிகளிலும் தமிழரும் மலையாளிகளும் பல வருடங்களாக இருக்கிறார்கள். உத்தர குருவாயூரப்பன் கோவில் அங்கேதான் இருக்கிறது. இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் முருங்கைக்காயும் தேடி அலைய வேண்டியதில்லை. செக்டர் 62-க்கு அங்கிருந்து ப்ளூ லைன் மெட்ரோ நேராகப் போகிறது, வண்டி மாறவேண்டாம். இன்னொரு சௌகரியமும் உண்டு. கன்னியாகுமரியிலிருந்து திருநெல்வேலி வழியாக வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனில்தான் நிற்கும். பிங்க் லைனில் அதற்கு அடுத்த ஸ்டேஷனே மயூர் விஹார். அத்தைக்கு ஊர் ஞாபகம் வரும்போது இந்தப் பக்கம் எவ்வளவு ஆறுதல் என்று அப்போது தெரியும்.

ஆனால் அவன் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. அங்கே டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணையம்) கட்டிய பிளாட்டுகளில் பெரும்பாலானவை லிஃப்ட் இல்லாத மூன்று, நான்கு மாடிக் கட்டிடங்கள். அத்தையின் முழங்காலுக்குத் தரைத்தளம் வேண்டும், அல்லது லிஃப்ட் உள்ள கூட்டுறவு சொசைட்டி வேண்டும். இரண்டாம் மாடி வாடகை குறைவாக இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டால், நம்ம ஆட்கள் பக்கத்திலேயே இருந்தும் அத்தை வீட்டுக்குள்ளேயேதான் இருப்பார்கள். அதோடு, அங்கே நெடுநாள் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பலரும் ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். அத்தைக்கும் உங்களுக்கும் பேச ஆள் கிடைக்கும், உங்கள் மகளுக்கு அந்தத் தெருவில் பன்னிரண்டு வயதில் ஒரு தோழி கிடைப்பாளா என்பதைத் தனியாகப் பார்க்கவேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: தமிழ் பேசுவதால் மட்டும் ஒருவர் உங்களைச் சேர்த்துக்கொள்வார் என்பதில்லை. நம்மவர்களிடமும் குழு உண்டு, உள்வட்டம் உண்டு, "நீங்க யாரு, எந்தப் பக்கம்" என்று வளைத்து வளைத்துக் கேட்டு எடைபோடுகிற வழக்கமும் உண்டு. திருநெல்வேலிக்காரருக்கு அதை நான் விளக்கவேண்டியதில்லை.

ஆபீஸ் பக்கத்துப் பெரிய சொசைட்டிகள் வேறு மாதிரி. செக்டர் 62-இலும், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இந்திராபுரத்திலும் அடுக்குமாடிகள் நிறைய. பிள்ளைகளுக்கு அவை நல்லவை என்பதை மறுக்கமாட்டேன். உங்கள் மகன் வயதில் ஒரு பட்டாளமே கீழே விளையாடும், ஏழு வயதுப் பையனுக்கு மொழி ஒரு தடையே இல்லை, கோடை விடுமுறை முடிவதற்குள் அவன் இந்தியில் சண்டை போட ஆரம்பித்துவிடுவான். ஆனால் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடுகள் மிகுந்த சொசைட்டிகளில் பகல் பதினொரு மணிக்குப் பாருங்கள். செக்யூரிட்டி, வேலைக்கு வரும் பெண்கள், டெலிவரிப் பையன்கள், இவர்களைத் தவிர ஆள் நடமாட்டமே இருக்காது. நீச்சல் குளம் இருக்கிறதா என்று கேட்கிறோமே, அதில் கடைசியாக எத்தனை பேர் இறங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லை. (சில சொசைட்டிகளில் தீபாவளி கழிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜைக்குப் பீகார்க்காரர்கள் அதில் இறங்கி நின்று சூரியனைக் கும்பிடுவார்கள். குளத்துக்கு உருப்படியான வேலை அன்றைக்குத்தான்.) கிரேட்டர் நொய்டா மேற்கில் வாடகை மலிவு என்று தரகர் சொல்வார். அங்கே மெட்ரோ இன்னும் போய்ச்சேரவில்லை, உங்கள் ஐவரில் யாருக்கும் அது பொருந்தாது.

இரண்டில் எது என்று கேட்டால், உங்கள் குடும்பத்துக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது மயூர் விஹாரை ஒட்டியுள்ள, லிஃப்ட் இருக்கிற பழைய கூட்டுறவு சொசைட்டிகளைத்தான். மயூர் விஹார் எக்ஸ்டென்ஷனிலும் பட்பர்கஞ்ச் பக்கத்து ஐ.பி. எக்ஸ்டென்ஷனிலும் அவை நிறைய. கட்டிடம் சற்றுப் பழசாக, பெயின்ட் உரிந்து இருக்கும், ஜிம் இருக்காது. ஆனால் வயதானவர்களும் இருப்பார்கள், வாடகைக்கு வந்த இளம் குடும்பங்களும் இருக்கும், பார்க் பெஞ்சுகள் காலியாக இருக்காது. அதிலும் எந்த சொசைட்டி என்பதை நேரில் போய்ப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு சொசைட்டிகள் இரண்டு ஊர் மாதிரி இருக்கும்.

உங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஒரு சனி, ஞாயிறு போய் நான்கு வீடு பார்த்து, வீடியோ காலில் சமையலறையைக் காட்டி, டோக்கன் கொடுத்துவிட்டு வருவது என்று திட்டம் இருந்தால் அதை நிறுத்துங்கள். நீங்களும் போகவேண்டும். வார நாள் ஒன்றாவது அதில் இருக்கவேண்டும். அறைகளைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். மீதி நேரத்தைக் கீழே செலவழியுங்கள்.

மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பார்க்கில் உட்காருங்கள். பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்களா, அல்லது ஆளுக்கொரு பக்கம் காதில் இயர்போனோடு நடக்கிறார்களா? பாட்டிமார் இருக்கிறார்களா? ஒரு குழந்தை விழுந்தால் அதன் அம்மா வருமுன் வேறு யாராவது தூக்குகிறார்களா? புதிய முகமாக நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து "நயே ஆயே ஹோ?" என்று கேட்கிறார்களா? புதிதாய் வந்தவரா என்பதுதான் கேள்வி. அதை ஒருவராவது கேட்டுவிட்டால் அந்த இடத்துக்கு நான் பாதி மார்க் கொடுத்துவிடுவேன்.

பிறகு நோட்டீஸ் போர்டைப் படியுங்கள். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பாதி ஆங்கிலத்தில்தான் இருக்கும். "பந்து விளையாடக் கூடாது, சைக்கிள் ஓட்டக் கூடாது, வாடகைக்காரர் இதைச் செய்யக் கூடாது" என்று வரிசையாகத் தடைகள் மட்டும் தொங்கினால் யோசியுங்கள். பஞ்சாபிகளின் லோஹ்ரி பண்டிகைக்கு நெருப்பு மூட்டும் இடம், துர்கா பூஜை வசூல், பிள்ளைகள் ஓவியப் போட்டி என்றிருந்தால் நல்ல அறிகுறி. உத்தரப் பிரதேசத்தில் 2010-ஆம் வருட அடுக்குமாடிச் சட்டப்படி அமைவது பிளாட் உரிமையாளர்களின் சங்கம், வாடகைக்காரருக்கு அதில் ஓட்டு இல்லை. அதனால் நொய்டாவில் பார்க்கும் சொசைட்டிகளில் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: வாடகைக்கு இருப்பவர்களை வாட்ஸாப் குழுவில் சேர்ப்பார்களா, விழாக்களுக்குக் கூப்பிடுவார்களா? சட்டத்தில் இடம் இல்லாவிட்டாலும் நடைமுறையில் இடம் கொடுக்கிற சொசைட்டிகள் உண்டு. "டெனன்ட்" என்று தனிக் குரலில் சொல்கிறவையும் உண்டு.

"ஏரியா எப்படி?" என்று தரகரிடம் கேட்காதீர்கள், "பஹுத் அச்சா" (ரொம்ப நல்லது) என்பதைத் தவிர வேறு பதில் வராது. விவரம் வேண்டுமானால் இஸ்திரிக்காரரிடம் போங்கள். தில்லியில் அநேகமாக எல்லா குடியிருப்பிலும் மரத்தடியிலோ மாடிப்படிக்குக் கீழோ ஒரு மேஜை போட்டு இஸ்திரி போடும் குடும்பம் ஒன்று இருக்கும். எந்த வீட்டில் யார், எவ்வளவு நாளாக, யார் ஏன் காலி செய்தார்கள் என்று அவர்களுக்குத் தெரியாதது கிடையாது. நான்கு சட்டையைக் கொடுத்துவிட்டு, "யஹா(ன்) கிராயேதார் கித்னே சால் ரஹ்தே ஹை(ன்)?" என்று கேளுங்கள். இங்கே வாடகைக்காரர்கள் எத்தனை வருடம் இருக்கிறார்கள் என்று அர்த்தம். "பதினொரு மாதம் ஆனால் போய்விடுவார்கள்" என்று பதில் வந்தால் நீங்களும் அப்படித்தான் போவீர்கள். "அந்த வீட்டுக்காரர்கள் எட்டு வருடமாக இருக்கிறார்கள், பிள்ளை இங்கேதான் படித்து முடித்தான்" என்று ஒன்றிரண்டு பேரைக் காட்டினால் அந்த சொசைட்டியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்டில் பத்து நிமிடம் நில்லுங்கள். வீட்டு வேலைக்கு வரும் பெண்களை எப்படி நடத்துகிறார்கள், அவர்களுக்கு லிஃப்ட் உண்டா, பார்க் பெஞ்சில் உட்கார்ந்தால் எழுப்பிவிடுகிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். உட்காரக் கூடாதவர்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கும் இடத்தில் அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போவதை நான் பார்த்திருக்கிறேன்.

அத்தையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த மாற்றத்தில் அதிகம் இழப்பவர் அவர்தான். திருநெல்வேலியில் வாசலில் நின்றால் நான்கு பேர் பேசிவிட்டுப் போவார்கள். பன்னிரண்டாவது மாடிக்கு வாசல் கிடையாது. அதனால் அவருக்கு ஒரு பகல் நேர இடம் தேவை. தில்லியில் அப்படி ஒன்று உண்டு, குளிர்காலத்தில் நன்றாகத் தெரியும். டிசம்பர், ஜனவரியில் மதியம் வெயில் வந்ததும் பழைய காலனிகளில் வயதான பெண்கள் பாயையோ பிளாஸ்டிக் நாற்காலியையோ தூக்கிக்கொண்டு பார்க்குக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் மடியில் பச்சைப் பட்டாணி உரிபடும், ஒருவர் ஸ்வெட்டர் பின்னுவார், நடுவில் நிலக்கடலைத் தோல் குவியும். வெயில் நகர நகர நாற்காலிகளும் நகரும். அந்த வட்டத்தில் உட்கார இந்தி வேண்டாம். பட்டாணி உரிக்கக் கை இருந்தால் போதும். சில சொசைட்டிகளில் வாரம் ஒருநாள் மதியம் பெண்கள் கூடி டோலக் தட்டிக் கீர்த்தனை பாடுவார்கள். ராமனும் கிருஷ்ணனும் அத்தைக்குத் தெரிந்தவர்கள்தானே, தாளம் போடலாம், ஒருநாள் தனக்குத் தெரிந்த முருகன் பாட்டு ஒன்றைப் பாடவும் பாடலாம். இந்த இரண்டில் ஒன்றாவது நடக்கிற இடமா என்று விசாரியுங்கள். கூடவே தமிழ் பேசும் ஒரே ஒரு வீடு நடந்து போகும் தூரத்தில் இருந்தால் போதும். ஒரு காலனி நிறையத் தமிழர் வேண்டும் என்பதில்லை.

மலை மந்திர் என்று எல்லோரும் சொல்வார்கள். ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின் மேல் இருக்கும் சுவாமிநாத சுவாமி கோவில். தமிழ்ச் சங்கமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அத்தையைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், கிருத்திகை அன்று போனால் நம்மூர்க் கோவிலில் நிற்கிற மாதிரியே இருக்கும். ஆனால் யமுனைக்கு இந்தப் பக்கமிருந்து அது தொலைவு. மாதம் ஒருமுறை போகிற இடத்தை வைத்து வீடு முடிவு செய்யவேண்டாம். தினமும் நடந்து போகிற இடம்தான் கணக்கு. பக்கத்தில் மதர் டெய்ரி பூத் எங்கே, காய்கறி வண்டி தெருவுக்குள் வருகிறதா, இந்த மாதிரிச் சங்கதிகள். பால் பூத் வரிசையில் தினமும் பார்க்கிற அதே முகங்கள்தான் மூன்றாம் மாதம் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

அத்தைக்கு இளைப்பு இருப்பதால் காற்றைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை தில்லி, நொய்டா முழுக்கக் காற்று மோசமாகும், தரக் குறியீடு 400-ஐத் தாண்டுகிற நாட்களும் உண்டு. எந்த ஏரியாவுக்குப் போனாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. கிளம்பும் முன் டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள். தீபாவளி முடிந்து பொங்கல் வரை ஊரில் நாத்தனார் வீட்டிலோ கொழுந்தன் வீட்டிலோ அத்தை இருக்க வழி உண்டா என்றும் இப்போதே யோசித்து வையுங்கள். அப்படியானால் அந்த வெயில் வட்டத்தில் ஒரு பங்கு குறையும். ஆனாலும் உடம்புதான் முதலில்.

மீன், கறி விஷயம். சில வீட்டுக்காரர்கள் சைவக் குடும்பத்துக்குத்தான் வீடு என்பார்கள், அது உண்மை. தரகர் "அதெல்லாம் சொல்லவேண்டாம், ஜன்னலைச் சாத்திவிட்டுச் சமைத்துக்கொள்ளுங்கள்" என்று யோசனை சொல்வார். வேண்டவே வேண்டாம். ஒளித்துச் சமைக்கிற வீட்டில் யாரையும் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாது, யாராவது காலிங் பெல் அடித்தாலே நெஞ்சு படபடக்கும். முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சிலர் மறுப்பார்கள், அலைச்சல் மிச்சம். வங்காளிகளும் மலையாளிகளும் இருக்கும் சொசைட்டியில் இந்தப் பேச்சே எழாது. மயூர் விஹார் பக்கத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை, தெற்குத் தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஒருமுறை போனால் நீங்களே வேண்டாம் என்கிற அளவுக்குக் கிடைக்கும். சீலா, நெய்மீன் என்று நம்மூர்ப் பெயரில் கேட்டால் புரியாது, காட்டித்தான் வாங்கவேண்டும். வருடத்தில் இரண்டு முறை நவராத்திரி ஒன்பது நாளும் பல கறிக்கடைகள் மூடியிருக்கும். பக்கத்து வீடுகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காமல் விரதம் இருப்பார்கள். அந்த நாட்களில் நீங்களும் சற்று அடக்கமாகச் சமைத்தால் அது நல்ல அண்டை வீட்டுக்காரர் செய்கிற காரியம். அவர்கள் கொலு பார்க்க வரும்போது சுண்டல் கிண்ணம் காலியாகத்தான் திரும்பும்.

இந்தி தெரியாதே என்று எழுதவில்லை என்றாலும் அந்தப் பயம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். காய்கறி, காசு, நேரம், திசை, "கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்", இவ்வளவையும் கிளம்பும் முன் கற்றுக்கொள்ளுங்கள். மீதியை வீட்டு வேலைக்கு வரும் பெண் கற்றுக்கொடுத்துவிடுவார். இலக்கணம் தப்பாகப் பேசுகிறவரை அங்கே யாரும் கேலி செய்வதில்லை. பேசாமல் இருப்பவரைத்தான் "கர்வம் பிடித்தவர்" என்று நினைப்பார்கள்.

மகளின் பள்ளியில்தான் மொழி உண்மையான சிக்கல். அங்கே பெரும்பாலான பள்ளிகள் சி.பி.எஸ்.இ. ஏப்ரலில் வகுப்பு தொடங்கி, மே மத்தியில் கோடை விடுமுறை விட்டு, ஜூலையில் மறுபடி திறக்கும். நம்மூர்க் கணக்கில் ஜூனில் சேர்க்கலாம் என்று இருந்தால் ஒன்றரை மாதப் பாடம் போய்விடும். அவள் எட்டாம் வகுப்பில் சேர்வது நல்லதாயிற்று. இந்தியைப் பழகிக்கொள்ள ஒரு வருடம் கிடைக்கும். ஒன்பதாவதில் நேரே போயிருந்தால் இந்தியில் எழுத்துக்கூட்டிக்கொண்டே தேர்வுக்கு நிற்கவேண்டியிருக்கும். சேர்க்கும் முன் பள்ளியில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்பது, பத்தில் இரண்டாம் மொழியாக இந்தியைத் தவிர சமஸ்கிருதமோ பிரெஞ்சோ வேறேதாவது தருகிறார்களா? இந்திதான் என்றால் 'பி' பாடத்திட்டம் உண்டா? இந்தி தாய்மொழி இல்லாத பிள்ளைகளுக்கு ஏற்ற எளிய பாடத்திட்டம் அது. எல்லாப் பள்ளியும் அதை வைத்திருப்பதில்லை.

தமிழே படிக்கவேண்டும் என்றால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. ஜனக்புரி, லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மந்திர் மார்க், மோதிபாக், பூசா சாலை, ராமகிருஷ்ணபுரம். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், தமிழும் உண்டு. லோதி எஸ்டேட் பள்ளி உங்களுக்குக் கொஞ்சம் பக்கம். போய்வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பள்ளித் தோழிகள் எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்றால் மாலையில் அவளுக்கு யாரும் இருக்கமாட்டார்கள். உங்கள் சொசைட்டிப் பிள்ளைகள் ஏறுகிற பள்ளி வேனில் அவளும் ஏறுவது பன்னிரண்டு வயதில் பெரிய விஷயம். பள்ளி நேரத்தில் ஒரு காலையும் போய்ப் பார்த்து, எந்தப் பள்ளி வேன்கள் அந்த கேட்டில் நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழட்டும். "போனா எல்லாம் சரியாயிடும், புது ஃபிரண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அவளுக்கு இப்போது இருக்கிற தோழிகளைப் பற்றித்தான் பேச்சு. என்ன விட்டுப்போகப் பயப்படுகிறாள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். கபடியா, பாட்டு வகுப்பா, ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டிலாவது கூடுவதா? அதில் ஒன்றை அங்கேயும் தொடர வழி இருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. வீடு பார்க்கப் போகும்போது முடிந்தால் அவளையும் கூட்டிப்போங்கள். கடைசி இரண்டு வீட்டில் எது என்பதில் அவளுக்கும் ஒரு ஓட்டு கொடுங்கள். முழு முடிவையும் அவள் தலையில் போடவேண்டாம். பள்ளியில் "சாம்பார்", "மதராசி" என்று யாராவது சொன்னால் வீட்டுக்கு வந்து சொல்லலாம், அதைச் சிரித்துக் கடக்கவேண்டியது அவள் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பெரியவர்கள் சொன்னால் சிரிக்கலாம் என்று மேலே எழுதினேன். வகுப்பில் தினமும் சொன்னால் அது வேறு, வகுப்பாசிரியரைப் பார்க்கவேண்டும்.

இவ்வளவு பார்த்தும் முதல் வீடு சரியாக அமையாமல் போகலாம். அதற்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாடகை ஒப்பந்தம் வழக்கமாகப் பதினொரு மாதம் (ஒரு வருடத்துக்கு மேல் போனால் கட்டாயப் பதிவு என்பதால்தான் இந்தக் கணக்கு). சென்னை, பெங்களூர் மாதிரி பெரிய அட்வான்ஸ் கேட்கமாட்டார்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு மாத வாடகை. ஆகையால் மாறுவது அவ்வளவு செலவில்லை. ஆனால் "லாக்-இன்" என்று ஒரு வரி இருக்கும், அந்தக் காலத்துக்குள் காலி செய்தால் மீதி வாடகையைக் கட்டவேண்டும். அதை எடுக்கச் சொல்லுங்கள், அல்லது மூன்று மாதத்துக்குக் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் போலீஸ் வெரிஃபிகேஷன் கேட்பார்கள். அது எல்லா வாடகைக்காரருக்கும் உண்டு, நம்மைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைக்கவேண்டாம். படிவத்தில் சர்நேம் கேட்டு இனிஷியலைப் பார்த்து விழிப்பார்கள், அப்பா பெயரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பள்ளியை மட்டும், இரண்டு மூன்று சொசைட்டிகளிலிருந்து வேன் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். வீடு மாறினாலும் பிள்ளைகளுக்கு மறுபடி பள்ளி மாறக்கூடாது.

புதுவீட்டுக்குப் போன முதல் வாரம் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து முடித்துவிட்டுத்தான் வெளியே வருவேன் என்று இருக்காதீர்கள். பால் காய்ச்சிய அன்றே அதே மாடியில் இருக்கும் வீடுகளுக்குக் கேசரியோ, ஊரிலிருந்து கொண்டுபோன அல்வாவோ கொடுத்தனுப்புங்கள். நீங்களே அத்தையையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது, கீரோ ராஜ்மாவோ ஏதாவது ஒன்றோடுதான் வரும். ஜனவரி 13 லோஹ்ரி, நம்ம போகியும் ஏறக்குறைய அதே நாள்தான். அவர்கள் நெருப்பைச் சுற்றிக் கடலையும் பொரியும் போடும்போது நீங்களும் போய் நின்றுவிட்டு, மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் உங்கள் பொங்கலுக்கு அவர்களைக் கூப்பிடலாம்.

கடைசியாக ஒரு காரியம், இதை ஊரிலேயே முடித்துவிடவேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளியிலிருந்து வேறு மாநில சி.பி.எஸ்.இ. பள்ளிக்குப் போகும்போது மாற்றுச் சான்றிதழில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் சான்றிதழ் வாங்கிய கையோடு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நொய்டாவில் உட்கார்ந்துகொண்டு அதற்கு ஆள் அனுப்புவது பெரும்பாடு.